பால் மறக்க ஒரு சொல்

ஜூன் 2

என் செல்லத்துக்கு அம்மா எழுதுவது.

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். இடுப்பு மட்டும் இன்னும் பஸ்ஸிலேயே இருக்கிறது. போனில் பேசினால் உன் மாமியார் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

சிட்டுவுக்கு ரெண்டரை வயசு. வாய் நிறையப் பல். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அம்மா, பால் எங்க?" என்று உன் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது. பதினைந்தாம் தேதி வேலைக்குத் திரும்ப வேண்டியவள் நீ. நம் குடும்பத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டியவள் நீ ஒருத்திதான். அதை ஆணியிலேயே தொங்கவிடப் போகிறாயா?

காப்பித்தூளைக் குழைத்து மார்பில் பூசிக்கொள். கசப்பு ஒரு பக்கம். பார்க்க எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. "ச்சீ, ஆய்" என்று சொல். சும்மா சொன்னால் போதாது, முகத்தைச் சுளித்து நிஜமாகவே அருவருத்துக் காட்டு.

உன் நல்லதையே நினைக்கும்
அம்மா

ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். நாக்கில் பட்டதும் துப்பினாள். "அம்மா மேல ஆய் இருக்கா?" என்று கேட்டாள். "ஆமா கண்ணு, ச்சீ" என்று என் வாயாலேயே சொன்னேன். மறுநாள் தொடவே இல்லை.

எனக்குத்தான் பால் கட்டிக் காய்ச்சல். துணியெல்லாம் புளித்த வாடை. கட்டிலில் படுத்திருந்தேன். அவள் கதவருகே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உனக்கு நிம்மதிதானே?

உன் மகள்

ஜூன் 13

என் கெட்டிக்காரிக்கு,

எதிர்வீட்டுத் தையல்காரியிடம் சொன்னேன்: "என் பேத்தி ஒரே சொல்லுல விட்டுட்டா. உன் பேரன் மாதிரி அம்மா பின்னாடியே எச்சில் ஒழுகத் திரியல." அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

மூக்கைப் பிடிக்கிறாள் என்று குறைப்படாதே. அது ரோஷம், என் ரத்தம் அல்லவா? ரெண்டு நாளில் மறந்துவிடுவாள். கோட்டை நன்றாக இஸ்திரி போட்டுக்கொள். அதோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தையல்காரிக்குக் காட்ட வேண்டும்.

அம்மா

ஜூலை 6

அம்மா,

மறக்கவில்லை.

கண்டவர்களின் மலத்தையும் சளியையும் குச்சியால் தொட்டுக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பதுதான் என் வேலை. ஒரு நாளும் குமட்டியதில்லை. வீட்டுக்கு வந்து இவளைத் தூக்கப் போனால், "அம்மா ச்சீ" என்று அத்தையின் புடவைக்குள் ஒளிந்துகொள்கிறாள். நான் ஊட்டினால் துப்புகிறாள். "ஆஸ்பத்திரி வாடையா இருக்கும், குளிச்சிட்டு வாயேன்" என்றார் அத்தை. குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

நேற்று அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அத்தை துண்டெடுக்கப் போனார். எட்டிப் பார்த்தேன். சிட்டு சோப்பால் தன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்துவிட்டது.

"என்னடா பண்றே?"

"பாப்பாவும் ச்சீயாம்மா?"

அவளுக்கு என்ன சொல்வது? நீயே சொல்.

ஜூலை 10

கண்ணு,

அருவருப்பு பாலோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். அந்தப் பச்சைப் பிள்ளை தன்னையே தேய்க்கும்படி ஆக்கிவிட்டேனே. என் வாயை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

சிட்டுவிடம் சொல்: அம்மா ச்சீ இல்லை, பாப்பா ச்சீ இல்லை, பாட்டிதான் ச்சீ. யாரையாவது காட்டித்தான் ஆகவேண்டும், என்னைக் காட்டு. சிரித்துக்கொண்டே சொல்லாதே, நம்பமாட்டாள். அன்றைக்குச் சுளித்த மாதிரியே சுளி.

அடுத்த மாதம் அங்கே வருவதாக இருந்தேன், வரவில்லை. வந்தால் ஓடிவந்து கட்டிக்கொள்வாள், எனக்கு விலக்கிவிட மனசு வராது. அவள் உன் மடியில் உட்கார்ந்த பிறகு ஒரு வரி எழுது. அதுவரைக்கும் நான் ச்சீயாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

அம்மா

ஜூலை 17

அம்மா,

நீ சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை. அந்தச் சுளிப்பை இன்னொரு ஆள் மேல் காட்ட என்னால் முடியாது, உன் மேல் முடியவே முடியாது. நீ கிளம்பி வா.

"அம்மாதான் பொய் சொன்னேன்" என்றேன் அவளிடம். வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வரவில்லை. எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு காலை மட்டும் நீட்டி என் மடியில் வைத்தாள்.

நான் அசையவே இல்லை.