தெரிந்த தூரம்

17-8-1983, புதன்

இன்றைக்கு வங்கித் தேர்வு வகுப்பில் ரெஜினா முன்னால் மானம் போயிற்று. வேலூரிலிருந்து எங்கும் நிற்காமல் ஆம்பூர் போக ஒரு பஸ்ஸுக்கு எவ்வளவு நேரமாகும்? முதல் தகவல் பஸ்ஸின் வேகம், இரண்டாவது தூரம். விடை வேண்டாம், விடை காண எந்தத் தகவல் போதும் என்பதுதான் கேள்வி. முதல் தகவலே போதும் என்று எழுதினேன். ஆம்பூர் தோல் கம்பெனி ஆபீசுக்கு ஆறு வருஷமாக அதே ரோட்டில் போய்வருகிறேன். தூக்கத்தில் கேட்டாலும் தூரத்தைச் சொல்வேன்.

"இன்னாம்மா, உனக்குத் தெரிஞ்சா ஆச்சா? தூரம் கேள்வியில இருக்கணும்ல?" என்றார் சார். வகுப்பே சிரித்தது.

போன மாதம்தான் நாகர்கோவிலிலிருந்து வந்தவள் ரெஜினா. இரண்டு தகவலும் வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஆம்பூர் எந்தப் பக்கம் என்றே அவளுக்குத் தெரியாது. தெரியாததற்கு ஒரு சபாஷ்! என்னை சார் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஞாயித்துக்கிழமை ஆம்பூர்ல ஒரு கல்யாணம். பஸ்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

"தகவல் போதாது," என்றேன்.

விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். சிரித்தால் கன்னத்தில் குழி வேறு விழுகிறது, சனியனுக்கு.