நாலாவது கட்டில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய வலது காது மட்டும் வழக்கம்போல லீவில் இருக்கிறது. நீ சுகமா என்று கேட்கவே வேண்டாம், நீ அனுப்பிய போட்டோவிலேயே தெரிகிறது, கழுத்தெலும்பில் துணி காயப்போடலாம் போலிருக்கிறாய். ஊரார் பல்லையெல்லாம் சரி பண்ணுகிற டாக்டர் சொந்தப் பல்லுக்கு வேலை கொடுப்பதில்லையா? வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டாலே உன் அத்தை கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து என் தோள் மேல் முகத்தை வைத்துக்கொள்கிறாள், நீயும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே 'அத்தை எங்கம்மா' என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அவள் இவள் என்று எழுதுகிறேனே என்று முகம் சுளிக்காதே, நேரில் வாங்க அண்ணி போங்க அண்ணிதான், காகிதத்தில் எனக்கு அவ்வளவு மரியாதை வராது.

நீ எங்களைக் கூட்டிப்போகிறேன் என்ற தீம் பார்க் ரிசார்ட்டின் வீடியோவையும் வரைபடத்தையும் பார்த்தோம். நம் வீட்டில் யாரும் இந்த மாதிரி ஓர் இடத்துக்குள் கால் வைத்ததில்லை, அதனால் ஒரு மாதமாக வேறு பேச்சே கிடையாது. அப்பா அந்த ரோலர் கோஸ்டர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார், கத்துகிற ஆட்களைப் பார்ப்பதில்லை, சக்கரத்தைத்தான் பார்க்கிறார். காலமெல்லாம் லிப்டு ரிப்பேர் செய்த மனிதர், போல்ட்டை யார் முடுக்குகிறார்கள், எந்த ஷிப்டில் செக் பண்ணுகிறார்கள் என்று உன்னைப் போய் விசாரிக்கச் சொல்கிறார். தன் கண்ணால் பார்க்காத போல்ட்டை நம்பி ஏற மாட்டாராம். அப்படியென்றால் கீழே நின்று எங்கள் கைப்பையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இந்த வீட்டு விவகாரம் எல்லாவற்றிலும் அதைத்தானே செய்திருக்கிறீர்கள் என்றேன், காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார். தண்ணீர் சறுக்குக்கு நீச்சலுடை வேண்டும் என்று எழுதியிருந்தாய், நான் இறங்கினால் தொட்டியிலிருக்கிற தண்ணீர் எல்லாம் வெளியே வந்துவிடும், எனக்கு வேண்டாம். காலையில் சாப்பிடுகிற இடத்துக்கு ஒருத்தர் கரடி வேஷம் போட்டுக்கொண்டு வந்து கை கொடுப்பாராமே, அதை மட்டும் என் மேஜைப் பக்கம் விடாதே, தூக்கம் கலையாத நேரத்தில் கரடிக்குச் சிரித்துக் காட்டுகிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் மாதிரி செய்த அறை என்று ஒன்றைக் காட்டினாயே, வட்ட ஜன்னல், கீழே இரண்டு கட்டில், ஏணி வைத்து மேலே இரண்டு. அதைப் பார்த்த நிமிஷமே உன் அத்தை போன் மேல் விரலை வைத்து 'மேல் கட்டில் எனக்கு' என்றாள். வைத்த வேகத்தில் படம் நழுவி எங்கேயோ போய்விட்டது, திரும்பக் கொண்டுவா கொண்டுவா என்று குழந்தை மாதிரி பறந்தாள். எழுபதை எட்டிப் பிடிக்கிற வயசு, நாற்காலி மேல் ஏறி ஒரு பல்பு மாற்றச் சொன்னால் யோசிப்பாள், அவளுக்கு ஏணி கேட்கிறது. அன்றிலிருந்து வாட்ச்மேன், மருந்துக்கடைக்காரர், மாடிவீட்டு டீச்சர் என்று எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் கப்பலில் மேல் கட்டில் தனக்குத்தான் என்று தம்பட்டம். வாழ்நாள் முழுக்க தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர்கள் தூங்கத் தலையணை உறை தைத்தவள், பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஓர் ஊர் பார்த்ததில்லை. பார்க்கில் நிறைய நடக்க வேண்டும் என்று நீ சொன்னாய் என்பதற்காக அப்பா அவளுக்கு ஒரு கான்வாஸ் ஷூ வேறு வாங்கிக் கொடுத்துவிட்டார். அதை மாட்டிக்கொண்டு வராந்தாவில் கீச் கீச் என்று பயிற்சி நடக்கிறது. எனக்கு வாங்கவில்லை, என் செருப்பே நன்றாகத்தான் இருக்கிறதாம்.

எனக்கு அவள் வருவதில் இஷ்டமில்லை. நாலாவது கட்டிலில் பெட்டிகளை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நீ அனுப்பிய அந்த எச்சரிக்கை கண்ணில் பட்டது, இருதயக் கோளாறு, தலைசுற்றல் உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று. சரி, தலை சுற்றுகிறது என்று காட்டிவிட்டால் யாரும் கேள்வி கேட்காமல் அவளைக் கழித்துவிடலாம் என்று நினைத்தேன். பிஸ்கட் பேக்டரியில் பெல்ட்டின் கடைசியில் நின்று நான் செய்த வேலையே அதுதானே, உடைந்ததை எடுத்துத் தள்ளுவது. அதில் கோபதாபம் ஒன்றும் கிடையாது, உடைந்தது பாக்கெட்டுக்குள் போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளை நம் குடியிருப்புப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இரும்பு ராட்டினம் இருக்கிறதே, தரையோடு சுற்றுவது, அதிலிருந்த பிள்ளைகளை விரட்டிவிட்டு, இதுல உட்கார்ந்து பாருங்க அண்ணி, தலை சுத்துனா இங்கேயே தெரிஞ்சிடும், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் என்றேன். உடனே போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வயசானவங்களைப் போய் ஏன்டி என்று இழுத்தார், நான் ஒரு பார்வை பார்த்ததும் தள்ள ஆரம்பித்தார். தொட்டில் ஆட்டுகிற மாதிரி தள்ளினார். அவரை நகர்த்திவிட்டு நானே தள்ளினேன், மூச்சு வாங்க வாங்க, கை காந்தக் காந்தத் தள்ளினேன். பிள்ளைகள் எல்லாம் கூச்சல் போட்டார்கள். எப்போது முகம் வெளுக்கும், எப்போது பல்செட் பறக்கும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், வாந்திக்காக ஒரு பிளாஸ்டிக் பையைக்கூட மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தேன். அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையை வயிற்றுக்கு முன்னால் வளைத்து வைத்துக்கொண்டாள். வயிற்றைப் பிரட்டுகிறது, ஆயிற்று என்று எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். அப்புறம் பார்த்தால் சிரிக்கிறாள். வாயெல்லாம் பல், அதுவும் போன தடவை வந்தபோது நீ உட்காரவைத்து அளவெடுத்துக் கட்டிக்கொடுத்த பல். என் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றதற்கு அங்கேயே ஒரு டாக்டரைப் பாரும்மா என்றாய், ஞாபகம் இருக்கிறதா? நின்றதும் இறங்காமல், இன்னொரு தடவை சுத்தேன் என்று என்னையே கேட்கிறாள். வாட்ச்மேன் கை தட்டினார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இதென்ன பெரிய வித்தை என்று நானும் ஏறி உட்கார்ந்தேன். அதிகம் சுற்றக்கூட இல்லை, அந்தப் பிளாஸ்டிக் பை எனக்குத்தான் உதவியது. உன் அத்தை ஓடிவந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள், குழாயடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டாள், தோளில் சாய்த்துக்கொண்டு படியேற்றினாள், வழியில் பார்த்தவர்களிடம் வெயில்ல நின்னா, அதான் என்று எனக்காகப் பொய்யும் சொன்னாள். வாந்தி எடுத்ததைக்கூட தாங்கிக்கொண்டேன், அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து டீயைக் கையில் கொடுத்துவிட்டு அப்பா சர்வ சாதாரணமாகச் சொல்கிறார், அக்காவுக்கு எப்படித் தலை சுத்தும், பாப்பா தனியா உட்காரப் பயப்படுவாளே, தினம் சாயங்காலம் அவளை மடியில வச்சுக்கிட்டு இதே ராட்டினத்துலதானே சுத்துவாங்க, எத்தனை வருஷம் என்று. அப்போதுதான் அந்தக் கை ஏன் வயிற்றுக்கு முன்னால் வளைந்திருந்தது என்று புரிந்தது. உன்னைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நீ ராட்டினத்துக்குப் பயப்படுவாய் என்பதே எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் பெல்ட்டில் நின்றிருப்பேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றால், நீ கேக்கலையே என்கிறார். பேக்டரியிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவருகிற உடைந்த பிஸ்கட்டைக்கூட நீ அவள் கையிலிருந்து வாங்கித்தான் தின்பாய், காய்ச்சல் வந்தால் அத்தை அத்தை என்றுதான் அனத்துவாய். நான் மறக்கவில்லை.

மறுநாள் அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது போய்ச் சொல்லிவிட்டேன். பாப்பா காலையில போன் பண்ணினா அண்ணி, அத்தை வந்தா அவங்க பின்னாடியே நிக்கணும், ஒண்ணும் ஏற முடியாது, இந்தத் தடவை அத்தை வேண்டாம்னுட்டா என்று. ஆமாம், நீ சொன்னதாகத்தான் சொன்னேன். நான் சொன்னதாகச் சொல்லியிருந்தால் அப்பாவிடம் பேசியிருப்பாள், உன்னிடம் கேட்டிருப்பாள். அவள் கால் மெஷினில் அப்படியே நின்றுவிட்டது. பாப்பாவே சொல்லுச்சா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவளேதான் என்றேன். அப்ப சரி, குழந்தை யோசிச்சுத்தான் சொல்லியிருக்கும் என்றாள். அப்புறம் குனிந்து ஷூவைக் கழற்றினாள், வெட்டித்துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்தாள், உனக்கும் என் கால் அளவுதானே, அங்க நிறைய நடக்கணுமாம் என்று என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். வாட்ச்மேன் என்ன கப்பல் எப்போ கிளம்புது என்று கேட்டதற்கு, முழங்கால் மக்கர் பண்ணுது, நான்தான் வரலைன்னுட்டேன் என்றாளாம். உன் பேரைக் கெடுக்கவில்லை. அப்பாவுக்கும் அதையே சொல்லியிருக்கிறாள்.

உனக்கு என் மேல் வெறுப்பாக இருக்கும், இருக்கட்டும். போன தடவை நீ வந்தபோது கதவைத் திறந்தது நான். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு என்னைத் தாண்டிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாய். அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாய், நான் பெட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றேன். உள்ளே போய் வயிறெரிய அழுதேன், யாரும் வந்து பார்க்கவில்லை. அவள் நல்லவள்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் எனக்கு ஆகவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஓர் ஊரில், அவள் இல்லாமல் நீ எனக்கு வேண்டும்.

போனில் அவள் பேசினால் குரலை மாற்றிக்கொள்ளாதே, நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதே. அவளாக ஒன்றும் கேட்க மாட்டாள், அவள் சுபாவம் உனக்குத் தெரியும், என்னைவிட உனக்குத்தான் தெரியும். பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். ஷூ எனக்குச் சரியாக இருக்கிறது, நேற்று வராந்தாவில் நடந்து பார்த்தேன், அந்தக் கீச் சத்தம் கேட்டதும் உள்ளே மெஷின் நின்றது, நான் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீ நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வாழ்க்கையோடு நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து இரு. உடம்பைப் பார்த்துக்கொள். ரிசார்ட் வாசலில் முன்னாடியே வந்து நிற்பேன் என்று சொல்லியிருக்கிறாய். எங்களைப் பார்த்ததும் ஓடிவா. எனக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று மட்டும் எட்டிப் பார்க்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா