உன் மோட்டார் சைக்கிளைக் கொடுக்கட்டோ, அண்ணை?

என்னைச் சைக்கிள் பாரில் இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோன என் அண்ணைக்கு,

சுன்னாகத்தில், மோட்டார் சைக்கிள் விற்கிற கடையொன்றின் முன்னால் கிடக்கிற வாங்கில் இருந்தபடி இதை எழுதுகிறேன். கடை முதலாளி தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார். உன் பழைய நூற்றிருபத்தைந்து சிசி எனக்கு முன்னால் வேப்பமர நிழலில் நிற்கிறது. அதைக் கிளப்புகிற திறப்பு இன்னும் என் பொக்கற்றுக்குள்தான். அவர் வந்ததும் அதைக் கையில் கொடுத்தால் உன் சைக்கிள் வேறு யாரோ ஒருவரின் சைக்கிள் ஆகிவிடும்.

கொடுக்கட்டோ? உன்னைக் கேளாமல் எப்படிக் கொடுப்பது? கேட்டால் நீ என்ன சொல்வாய் என்பதும் எனக்குத் தெரியும். "உனக்கென்ன விசரே, உது இன்னும் பத்து வருசம் ஓடும்" என்று பாய்ந்திருப்பாய். பிறகு நீயே என்னையும் இழுத்துக்கொண்டு இங்கே வந்து, பெரியதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருப்பாய்.

உள்ளே நிற்கிறது அண்ணை, அந்தப் பெரியது. இருநூற்றைம்பது சிசி. நீட்டு ஓட்டத்துக்கென்றே செய்தது; கொழும்பில் ஒருவர் ஓடிவிட்டு விற்றிருக்கிறார். இரண்டு பக்கமும் உடுப்பு வைக்கப் பெட்டி, முன்னால் காற்றை மறைக்கிற கண்ணாடி, நாள் முழுக்க இருந்தாலும் இடுப்பு நோகாத இருக்கை. முதல்முறை ஏறி இருந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது என்பதே மறந்துபோயிற்று.

நாங்கள் இரண்டு பேரும் வரைபடத்தை நிலத்தில் விரித்து வைத்து, வவுனியாவில் சாப்பாடு, தம்புள்ளையில் படுக்கை, அடுத்த நாள் நுவரெலியாக் குளிர் என்று திட்டம் போட்டது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு சித்திரைக்கும் அதை அடுத்த சித்திரைக்குத் தள்ளினோம். நெஞ்சு இறுக்குது என்று நீ கதிரையில் சாய்ந்த பின்னேரத்தோடு அந்தக் கதை முடிந்தது.

நீ போன பிறகு நான் ஆனையிறவைத் தாண்டிக் குடாநாட்டுக்கு வெளியே போகவில்லை. நம்புவாயா? விவசாயப் போதனாசிரியன் என்று பெயர், நாள் முழுக்க ஓட்டம்தான். ஆனால் எல்லாம் கரவெட்டிக்குள். காலையில் ஒருவரின் வெங்காயம் நுனி கருகுது, மத்தியானம் இன்னொருவரின் மிளகாய் இலை சுருளுது, பின்னேரம் வெளிநாடு போன அக்காமாரின் பூட்டிக் கிடக்கிற வளவுகளுக்குப் போய்த் தேங்காய் பொறுக்குவது, பிறகு வீடு. எந்தப் பக்கம் ஹாண்டிலைத் திருப்பினாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்து மறிக்கிறது.

நீ இருந்தபோது நாங்கள் இரண்டு பேர். ஒருவன் வெளியே போனால் மற்றவன் அம்மாவோடு நிற்பான். நான் பேராதனைக்குப் பயிற்சிக்குப் போய் வந்தது, நீ வீட்டில் இருக்கிறாய் என்ற துணிவில்தான். இப்போது உன் வேலையையும் என் வேலையையும் நான்தான் பார்க்கிறேன். மூச்சு முட்டுகிறது அண்ணை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

சிக்கல் என்ன தெரியுமோ? இருக்கையின் உயரம். பெரியதின் பின்னிருக்கை என் இடுப்புக்கு மேலே நிற்கிறது. அம்மாவால் அதில் ஏறவே முடியாது.

உன் சைக்கிளில் அம்மா ஏறுகிற விதத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஹெல்மெட்டைப் போட்டு அதற்கு மேலால் சேலைத் தலைப்பையும் இழுத்துவிட்டு, படலையடிச் சீமெந்துக் கட்டின் மேல் ஏறி நிற்பார். நான் சைக்கிளைச் சரித்துக் கொடுப்பேன். "முருகா" என்றபடி ஒரு பக்கமாக இருந்து என் பெல்ற்றை இறுக்கிப் பிடிப்பார். மந்திகைக் கிளினிக்குக்கும் அப்படித்தான், கோயிலுக்கும் அப்படித்தான். ஓட்டோ என்றால் ஒழுங்கை திரும்ப முன்னமே குமட்டிச் சத்தி வந்துவிடும். பஸ்ஸைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை.

தோட்டக்காரருக்கு இது பெரிய பகிடி. "ஐயா, உந்தப் பெரிசிலை பெட்டையளைத்தான் ஏத்தலாம், வெங்காயச் சாக்கு ஏத்தேலாது" என்று ஒருவர் நக்கல் அடித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். பெட்டையளும் இல்லை, சாக்கும் இல்லை, என் பின்னிருக்கை எழுபத்தெட்டு வயது மனுசிக்கு என்று அவருக்கு எங்கே விளங்கப்போகிறது?

அக்காமாரிடம் சொல்லிப் பார்த்தேன். ரொறன்ரோ அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "உந்த வயசிலை உனக்கேன் கண்டறியாத பெரிய சைக்கிள்? அம்மா இருக்கும் மட்டும் பொறன். பேந்து நீ எங்கை வேணுமெண்டாலும் போகலாம்தானே" என்றார். லண்டன் அக்காவும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் செல்லமாக. இரண்டு பேரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

ஆனால் தொலைபேசியை வைத்துவிட்டு நான் கிணற்றடியில் போய் நின்றேன். அம்மா இருக்கும் மட்டும் என்றால் என்ன அர்த்தம்? அந்தச் சைக்கிளுக்கு ஆசைப்படுகிற ஒவ்வொரு முறையும் நான் எதற்கு ஆசைப்படுகிறேன்? உள்ளேயிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அவரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

போன சனிக்கிழமை வருவதுதான் வந்தது. கடை முதலாளி தொலைபேசியில் எடுத்துச் சொன்னார், "வேறை ஒரு ஆளும் பாத்திட்டுப் போட்டார், வாறியளோ இல்லையோ?" என்று. உடுப்பை மாற்றிக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பி, "சுன்னாகம் போட்டு வாறன் அம்மா, பழசைக் குடுத்துப் புதுசு எடுக்கிற யோசினை" என்றேன். அதுதான் நான் அவருக்கு வாயால் சொன்ன முதல் தரம்.

முழுவியளம் விஷயத்தில் அம்மா எப்படி என்று உனக்குத் தெரியும். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுகிறவனுக்கு எதிரே முதலில் வருகிறவர் நல்ல ஆளாய் இருக்கவேண்டும். கைம்பெண் எதிர்ப்பட்டால் காரியம் பிழைக்கும். அப்பா போன நாளில் இருந்து, யாரும் சொல்லாமலே, அம்மா தானாகக் குசினிக்குள் ஒளிந்துகொள்வார். அக்காமார் வெளிநாட்டுக்குப் போனபோதும் யன்னலால்தான் பார்த்தார். நீ முதல் வேலைக்கு வெளிக்கிட்ட அன்றும் அப்படியே. பக்கத்து வளவு யோகமக்காதான் நிறைகுடத்தோடு ஒழுங்கையால் வருவார்.

அப்படிப்பட்ட மனுசி அன்றைக்கு நான் சைக்கிளை உதைத்துப் படலையைத் திறக்க, வீட்டைச் சுற்றி வந்து நேரே எனக்கு முன்னால் நின்றார். ஒரு கையை இறுக்கி மூடிப் பிடித்திருந்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார்.

நீயே சொல்லு, நான் என்ன நினைப்பது? இத்தனை வருடம் ஒளிந்தவர் தெரியாமலா வந்து நிற்பார்? போகாதே என்று சொல்ல மனமில்லாமல் இப்படி மறிக்கிறார் என்றுதான் எடுத்தேன். சகுனத்துக்குப் பயந்து நான் திரும்பவில்லை. அம்மா மறித்துவிட்டார் என்ற ஆத்திரத்தில் திரும்பினேன். ஹெல்மெட்டைக் கழற்றி ஹாண்டிலில் கொழுவிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். "என்னப்பு?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கிழமை முழுக்க எங்களுக்குள் பேச்சில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அவர் குசினிக்குள் போய்விடுவார். கிளினிக்குக்குக் கொண்டுபோனேன், பெல்ற்றைப் பிடிக்காமல் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கோபம் என்று நினைத்தேன். எனக்கும் கோபம்தான்.

நேற்றுப் பின்னேரம் யோகமக்கா வேலிக்கு மேலால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உனக்கு நெஞ்சிலை ஈரமில்லையே? கொம்மா என்னட்டை வந்து ஒவ்வொரு நாளும் அழுகிறா."

"அவாதானே அக்கா மறிச்சவா? முன்னாலை வந்து நிண்டவா."

"மறிச்சவாவோ? அட கோதாரி! நீ கொக்காமாரோடை ரெலிபோனிலை கதைச்சதைக் கேட்டுப்போட்டு, கொம்மா உனக்குச் சொல்லாமல் என்னோடை ரெண்டு தரம் ஓட்டோவிலை நெல்லியடிக்குப் போட்டு வந்தவா. சத்தி வராமல் இருக்கத் தேசிக்காயை மணந்து மணந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. முதல் தரம் சத்தி எடுத்தவா. ரெண்டாம் தரம் எடுக்கேல்லை. 'இனி என்ரை பிள்ளை ஆசைப்பட்டதை எடுக்கட்டும், நான் ஓட்டோவிலை போவன்' எண்டு அந்த மனுசிக்கு ஒரே சந்தோசம், புழுகம்! அதை உனக்குச் சொல்லத்தான் தேசிக்காயையும் கைக்குள்ளை பொத்திக்கொண்டு வந்தவா. மற்றது, கொண்ணன்ரை சைக்கிளைப் போக முதல் ஒருக்காத் தொட்டுப் பாக்கவேணும் எண்டு. அந்த அவசரத்திலை, அந்தரத்திலை முழுவியளத்தை மறந்துபோனா."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யோகமக்கா விடவில்லை.

"நீ ஒண்டும் பறையாமல் உள்ளுக்குப் போனாய். கைம்பெண் முன்னாலை வந்தபடியால்தான் பிள்ளை போகேல்லை எண்டு அவா நினைச்சிட்டா. 'நான் தரித்திரம், அவன்ரை ஆசையைக் கெடுத்திட்டன்' எண்டு ஒரே புலம்பல்."

எனக்கு அழுகை வந்துவிட்டது அண்ணை, யோகமக்காவுக்கு முன்னாலேயே. அவர் எனக்கு வழி விட வந்தார். நான் மறித்தார் என்று எடுத்தேன். நான் கோபத்தில் திரும்பினேன். அவர் தன்னால் கெட்டது என்று எடுத்தார். நீ இருந்திருந்தால் அன்றைக்கே "என்ன ரெண்டு பேரும் ஊமைக்கூத்து ஆடுறியள்?" என்று கேட்டு முடித்திருப்பாய். கேட்க ஒரு ஆள் இல்லாமல் போயிற்று.

நேரே குசினிக்குப் போனேன்.

"அம்மா, நாளைக்குச் சுன்னாகம் போட்டு வாறன்."

திரும்பிப் பார்க்காமலே, "யோகத்துக்குச் சொல்லிவிடுறன், குடத்தோடை வருவாள்" என்றார்.

"அவா வேண்டாம். நீங்கள்தான் முன்னாலை வரவேணும்."

"விசர்க்கதை கதையாதை. ஒருக்கா வந்து பட்டது போதாதே?"

"நீங்கள் வராட்டி நான் போகேல்லை."

சொன்ன பிறகுதான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது. வந்தால் பிள்ளைக்குக் கூடாது, வராவிட்டால் பிள்ளை போகான். நான் இவ்வளவு காலமும் கிடந்து திணறுகிற மூலைக்குள் அவரையும் தள்ளிவிட்டேன். "கரைச்சல் பிடிச்சவன்" என்று முணுமுணுத்துக்கொண்டு அடுப்பைக் கிளறினார். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இன்று காலை சைக்கிளை வெளியே எடுத்து வைத்துவிட்டு நின்றேன். ஒழுங்கையில் ஒரு குருவியில்லை. குசினிக் கதவு சாத்தியிருந்தது. சரி, இவ்வளவுதான் என்று ஹெல்மெட்டைக் கழற்றப் போனேன்.

அப்போது யோகமக்கா வளவின் படலை திறந்தது. பின்வேலியில் இருக்கிற பொட்டுக்குள்ளால் நுழைந்து அந்த வளவுக்குப் போய், அங்கிருந்து ஒழுங்கைக்கு இறங்கி, எனக்கு எதிரே அம்மா வந்தார். கோயிலுக்குக் கட்டுகிற சேலை. இடுப்பில் யோகமக்காவின் நிறைகுடம். தண்ணி தளும்பிச் சேலையை நனைத்தது. ஊசி போட்டுக்கொள்ளப் போகிற பிள்ளையின் முகம் அவருக்கு. ஆனால் ஒதுங்கவில்லை, நிற்கவும் இல்லை. நடு ஒழுங்கையால் நேரே என்னிடம் வந்தார்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு உன் சைக்கிளின் இருக்கையைத் தடவினார். தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். உன் பெயரை ஒருதரம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? முழுவியளம் வந்திட்டுது, போட்டு வாவன்ரா" என்றார்.

வந்துவிட்டேன். வந்து இந்த வாங்கில் குந்திக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். இவ்வளவு நாளும் மறிக்க ஒரு ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மறிக்க ஒருவரும் இல்லை என்கிறபோது கால் எழும்பவில்லை. கட்டை அவிழ்த்துவிட்ட பிறகும் மாடு அதே இடத்தில் நிற்குமே, அப்படி நிற்கிறேன். பயமாகவும் இருக்கிறது. நான் தூரத்தில் இருக்கிறபோது அவருக்கு ஏதும் ஆனால்? நீ போன பின்னேரம் நான் வெங்காயத் தோட்டத்தில் அல்லவா நின்றேன்?

முதலாளி வந்துவிட்டார். "என்ன ஐயா, முடிவு எடுத்தாச்சோ?" என்று கேட்கிறார்.

கொடுக்கிறேன் அண்ணை. கோபிக்காதே. பெரியதை எடுத்து, போகவேண்டிய தூரம் எல்லாம் போய், திரும்பி வருவேன். பயம் போகாது, அதையும் ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். நான் உனக்குத் தருகிற சத்தியம் வேறு: எங்கள் வீட்டில் இருந்து வெளிக்கிட இனி நான் ஒருவன்தான் மிச்சம். நான் வெளிக்கிடுகிற ஒவ்வொரு தரமும் அம்மாதான் எனக்கு எதிரே வருவார். அந்தக் குசினிக் கதவுக்குப் பின்னால் அவரை இனி நான் ஒளியவிடமாட்டேன்.

உன்னோடு கூடப்பிறந்தவன்,
உன் தம்பி