ஓய்ந்த கையின் அளவு

அன்புள்ள ராபினுக்கு,

ஜோஸ்லின் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் தோள்வலி குறைந்ததா? நான் சொன்ன பயிற்சியைச் செய்கிறீர்களா, இல்லை மறுபடியும் படகு எஞ்சினைத் தனியாகத் தூக்குகிறீர்களா?

போன வாரம் கப்பலில் நிக்கோபாரின் கட்சால் தீவுக்கு வந்தேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களின் கை எவ்வளவு நேரத்தில் களைக்கிறது என்று அளக்க வேண்டும். கருவியின் பிடியை இறுக்கினால் திரையில் கிலோ தெரியும். யாராக இருந்தாலும் ஒரு நிமிடத்தில் எண் சரியத் தொடங்கும்.

முதல் ஆளாக வந்த பழனியாண்டிக்குச் சரியவே இல்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "பஸ் பஸ், போதும், விடுங்கய்யா" என்றேன்.

"சுனாமியிலயும் நான் விடல மேடம். என் சம்சாரத்துக்குத்தான் கை ஓஞ்சு போச்சு" என்றவர் கருவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

யாரும் தொடாத கருவி பதினெட்டு காட்டியது. பிறகு பதினேழு, பதினான்கு, ஒன்பது. களைத்த கை தளர்வதுபோலவே மெதுவாக இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

இங்கே கடையில் பேட்டரி இல்லை, நான்கு அனுப்புங்கள். கூடவே நீங்கள் உடுத்திய பழைய சட்டை ஒன்றையும் வையுங்கள். கப்பலுக்குத் தபால் கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

உங்கள்
ஜோஸ்லின்

பி.கு.: பேட்டரி வேண்டாம். என்ன சைஸ் என்று எழுதுவதற்காகக் கருவியைத் திறந்தேன். உள்ளே காலி. கப்பலேறும் முன் நானே கழற்றிய நான்கும் என் பையில்தான் இருக்கின்றன. சட்டையை மட்டும் சீக்கிரம் அனுப்புங்கள்.