மதிய நேரத்து ஃபேன் வேகம்

செவ்வாய்க்கிழமை

மதிய வெக்கையில் கல்யாண வீடியோ வேலை பாதியில் இருக்கும்போதே கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். திரும்பப் போட்டால் உள்ளே குழாயில் ஓடி அதைக் குளிர்விக்கும் தண்ணீரே சுடுகிறது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் ஃபேன்கள் மெதுவாகத்தான் சுற்றின. அதைப் பூட்டித் தந்த அண்ணனுக்கு சாகுபுரத்துக்கு போன் போட்டேன்.

“மதியம் மட்டும் வேகத்த கொறச்சு வச்சிருக்கேன்ளா. அம்மா அந்த ரூம்லதான ஒறங்குவா,” என்றான். பிறகு, “இனி கூட்டிக்கோ.”

அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. முந்தானையால் காதை மூடிக்கொண்டு, “ஏளா, அந்தப் பெட்டிய அமத்து,” என்பாள்.

வேகத்தைக் கூட்டினேன். சூடு இறங்கியது, வீடியோவும் முடிந்தது. அத்தனை இரைச்சலுக்கும் யாரும் முனகவில்லை.

வேலை இல்லாத ஞாயிறு மதியத்துக்கு மட்டும் பழைய வேகத்தையே விட்டுவைத்தேன்.