தன்ஷிகாவின் பேச்சு விஷயமாக

கோச்சடை, மதுரை
புதன்கிழமை

அன்பு மகன் அருள்பாண்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மருமகள் தமிழ்ச்செல்வியும் பேத்தி தன்ஷிகாவும் சுகம், தோஹா வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துச் சுகமாக இருக்க வேண்டும்.

நாலு வயதாகியும் உன் மகள் பத்து வார்த்தைக்கு மேல் பேசவில்லை என்று இணையத்தில் தேடி ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தைக் காட்டினாயே, அதன் லட்சணத்தைக் கேள். ஏசி அறை, சுவரெல்லாம் கரடிப் படம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் பிள்ளையிடம் இங்கிலீஷில் படம் படமாகக் காட்டிக் கேட்டார். ரொட்டி சுடும் மிஷினாம், பனியில் செய்த பொம்மையாம். மதுரையில் எவன் வீட்டு வாசலில் பனி கொட்டுகிறது? அந்த வெள்ளைப் பொம்மையைப் பார்த்துப் பிள்ளை இட்லி என்றாள். அந்த மேதாவி தப்பு என்று பெருக்கல் குறி போட்டார். காது கேட்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, இருபது நிமிஷத்தில் மதிப்பீடு முடிந்தது, இரண்டு மொழியால் பிள்ளை குழம்புகிறது, வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று அறிக்கை கொடுத்தார்.

அவருக்காவது அது பிழைப்பு. அதைப் படித்துவிட்டு, இனி வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று அங்கிருந்து உத்தரவு போட்டாயே, உனக்கு என்ன வந்தது? இரண்டு மாதம் வீடு ஊமையாகக் கிடந்தது. உன் அம்மாவுக்குத் தெரிந்தது கம், கோ, ஈட் மூன்றுதான், அதைச் சொல்லியே சோறூட்டினாள். நாயிடம்கூட நாம் அப்படிப் பேசியதில்லை. தமிழ்ச்செல்வி மகளைக் கொஞ்ச வாயெடுத்துப் பாதியில் நிறுத்திக்கொண்டு சமையலறைக்குள் போய் அழுவாள். பிள்ளை இருந்த பத்து வார்த்தையையும் விட்டுவிட்டாள். தாகம் எடுத்தால் என் வேட்டியை இழுத்துப் பானையைக் காட்டினாள். படித்த அப்பன் செய்த வைத்தியம் இது.

அப்புறம் தமிழ்ச்செல்வி உன்னைக் கேட்காமலே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், துணைக்கு நான் போனேன். அங்கே ரோகிணி என்று ஒரு பேச்சுப் பயிற்சியாளர், கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண். முதலில் காதைச் சோதிக்க வைத்தது, நன்றாகக் கேட்கிறது. பிறகு தரையில் உட்கார்ந்து சொப்புச் சாமானை வைத்து ஒரு மணி நேரம் பிள்ளையோடு விளையாடியது. சொல்வதெல்லாம் புரிகிறது, பேச்சு தாமதம்தான், விட்டுவிடக் கூடாது, வாரம் இரண்டு நாள் வாருங்கள் என்றது. மையத்தின் அறிக்கையை நீட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தது.

"வீட்டுல எந்தப் பாஷையில சண்டை போடுவீங்களோ, அதுலேயே பிள்ளைகிட்டப் பேசுங்கய்யா, அம்புட்டுத்தான்" என்றது.

ஆறு வாரமாகப் போய்வருகிறோம். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை, விட்ட வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நேற்றுக் காலை உன் அம்மா தோசை ஊற்றும்போது பிள்ளை பக்கத்தில் போய் "இன்னொண்ணு தா" என்றாள். இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. உன் அம்மா தோசைக்கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள், தோசை கருகிப்போனது.

உடம்பைப் பார்த்துக்கொள். கோச்சடை அய்யனார் உனக்குத் துணை இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ போனில் பிள்ளையிடம் கேள்வி கேட்கிறாய், அவள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் நீயே சொல்லி வைத்துவிடுகிறாய். கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணச் சொல்கிறது ரோகிணி. போன ஞாயிற்றுக்கிழமை நீ வைத்தபிறகு, அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் "அப்பா" என்று கூப்பிட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
அழகுபாண்டி