கடலைச் சேராத ஆற்றுக்குப் போன உனக்கு

இன்று காலை பாடன் நகரில் எங்கள் பயண முகவர் அலுவலகத்தில் ஓய்வுபெற்ற தம்பதி ஒன்று என் முன்னால் வந்து அமர்ந்தது. ஆபிரிக்காவில் ஒக்கவாங்கோ ஆற்றுப் பக்கம் போகவேண்டுமாம். யானை, நீர்யானை, கூடார விடுதி எல்லாம் பேசி முடிந்தபின் அந்தப் பெண்மணி கேட்டார், அங்கே திடீரென்று காய்ச்சல் வருத்தம் வந்தால் என்ன செய்வது என்று. சிறிய விமானம் வந்து ஏற்றிப்போகும் என்றேன். ஓடுபாதையில் விளக்கில்லை, பகலில் மட்டும்தான் வரும் என்பதையும் சொன்னேன். யோசித்துவிட்டு வருகிறோம் என்று எழுந்து போய்விட்டார்கள். என் வாயால் வியாபாரம் கெடுகிறது என்று முதலாளிக்குக் கோபம்.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். ஓர்லிகோன் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்த நாளிலிருந்தே நான் வியாபாரத்துக்கு உதவமாட்டேன் என்பது உன் தீர்ப்பு. நீ ஹோட்டல் பள்ளி முடித்தாய். இங்கே சுவிஸில் ஏதாவது ஏரிக்கரை ஹோட்டலில் சேர்வாய் என்று உன் அம்மா நம்பியிருக்க, நீ அதே ஒக்கவாங்கோ ஆற்றின் நடுவே ஒரு தீவு விடுதிக்கு மேற்பார்வையாளராகப் போனாய். "இஞ்சை ஆறு கடலுக்குப் போறேல்லையடி, மணலுக்கை முடியுது. மழையில்லாத காலத்திலைதான் வெள்ளம் வருது" என்று போனில் சொன்னபோது, நீயே அந்த ஆற்றைக் கண்டுபிடித்த மாதிரிப் பெருமை. பாதையில் யானை நின்றதால் விருந்தினருக்குக் கோப்பி பிந்தியதையும், சமையல்காரர்களுக்கு எங்கள் கோழிக்கறி பழக்கியதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். அந்தக் கறிக்குரிய தூளை உன் அம்மா வறுத்து அரைத்துத் தருவார். நான் அனுப்பும் பயணிகள் அதைத் தங்கள் பைகளில் சுமந்து வந்து உன்னிடம் தருவார்கள்.

கடைசியாகப் பேசியபோது காய்ச்சல் என்றாய், வெறும் களைப்பு என்றாய். அம்மாவிடம் சொல்லாதே என்றாய். மறுநாளும் வேலை செய்துவிட்டுப் பொழுதுபட மயங்கி விழுந்தாயாம். மலேரியா. விடிந்து விமானம் வந்தபோது நீ இல்லை. விடுதிக்காரருக்கு சுவிஸில் தெரிந்த ஆள் நான்தான், எனக்குப் போன் அடித்துச் சொன்னார்கள்.

நான் பீல் நகரில் இருக்கும் உன் அண்ணாவுக்குச் சொன்னேன். அவர் அழுதபடி, "அம்மாட்டை இப்ப ஒருத்தரும் சொல்லவேண்டாம். மாமா லண்டனிலையிருந்து வரட்டும். நீ போய்ப் பக்கத்திலை இரு, அவவின்ரை போனை எடுத்து வை" என்றார். எங்கள் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். சொந்தங்கள் சேர்ந்து, ஒரு பெரியவர் வாய் திறக்கும்வரை பெற்றவளுக்கு ஒன்றும் தெரியக்கூடாது.

நான் போனபோது உன் அம்மா பல்கனியில் கறித்தூளுக்குக் காய்ந்த செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை போகிறவர்களிடம் உனக்குக் கொடுத்துவிட. நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வேன்? என் கண்ணீருக்கு மிளகாய் நெடி நல்ல சாட்டாகப் போயிற்று. உனக்குப் பிடிக்கும் என்று பெருஞ்சீரகம் கொஞ்சம் கூடப் போட்டதாகச் சொன்னார். அரைத்து முடிந்ததும் நான் பையை விரித்துப் பிடித்தேன், அவர் கொட்டினார். பிறகு எனக்குச் சோறு போட்டார். சாப்பிட்டேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பின்னேரம் மாமா வந்தார்.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். ஏன் மறைத்தாய் என்று ஏசுவார் என நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"பிள்ளை, நான் மிளகாய் வறுக்கேக்கை அவள் உயிரோடையோ இருந்தவள்?"

"ஓம் அன்ரி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் அங்கே போகிறேன். துக்கம் விசாரிக்க இப்போதும் யாராவது வருகிறார்கள். என்ரை பிள்ளைக்கெண்டு கடைசியா வறுத்தனான், அப்ப அவள் உயிரோடைதான் இருந்தவள், இவளைக் கேளுங்கோ என்று உன் அம்மா என்னைக் காட்டுகிறார். அவர்கள் என் பக்கம் திரும்புகிறார்கள். நான் தலையாட்டுகிறேன்.